ஆர்வில் ஹாக்லண்டின் பிளாஸ்டிக் கட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. லோர்னா அப்போது தன் துப்பாக்கிக் கடையின் பின்கட்டில், ஒரு பல் மருத்துவர் நாசம் செய்து கொண்டுவந்த மேல்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். ரைபிளின் மேல்பாதி அது. குழல் வந்து பூட்டிக்கொள்ளும் இடம். மெல்லிய அலுமினியம். அதை அப்படியே வைஸின், அதாவது மேசைப் பிடிகருவியின், இரும்புத் தாடைக்குள் வைத்து நசுக்கியிருந்தார் அந்தப் படித்த மனிதர். பத்திரத்துக்காகத் தோல் பெல்ட்டைச் சுற்றினாராம்.

தொலைபேசியில் பெவர்லி, ஆர்வில் ஹாக்லண்டின் தங்கை.

"அண்ணன் போயிட்டாரு லோர்னா. கராஜ்ல, ஸ்டூல்ல உக்காந்தபடியே. நேத்து சாயங்காலமே ஆயிருக்கும்கிறாங்க."

"ஒத்துக்காமலே போயிட்டாரா?" என்றாள் லோர்னா.

எதை என்று பெவர்லி கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

ஆர்வில் முப்பது வருடம் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வாரத்துக்கு மூன்று நாள் லோர்னாவின் கடைக்கு வந்து குழல் மாட்டிக் கொடுத்தார். மொண்டானாவில் பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் இன்னும் கடைக்கு வரவில்லை என்பது அவர் கணக்கு. கருவியை நிறம் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வீடியோ பார்த்துவிட்டு, பளபளக்கும் சிவப்பில் வைஸ் கட்டை வாங்கி வருவார்கள். வைஸையோ ஒட்டுப்பலகை மேசையில் நாலு மரத் திருகாணி போட்டு நிறுத்தியிருப்பார்கள். ரெஞ்சை இழுத்தால் குழலைப் பூட்டும் நட்டு சுற்றாது, மேசை சுற்றும்.

"அடுத்த தடவ மேசையையும் கொண்டாப்பா. அதுக்கும் ஒரு குழல் மாட்டித் தர்றேன்" என்பார் முகத்துக்கு நேரே.

இவ்வளவு பேசியவரின் சொந்தக் கருவி என்ன? மஞ்சள் பூத்த ஒரு பிளாஸ்டிக் கட்டை. இரண்டு பாதியாகப் பிளந்து, மேல்கூட்டை வெளியிலிருந்து கவ்வி, வைஸில் உட்காரும். லோர்னாவினுடையது இரும்புத் தண்டு. அது மேல்கூட்டுக்குள்ளே போய், குழலின் அடிப்பல்லையே பிடித்துக்கொள்ளும். நட்டை இறுக்கும்போது பளுவைத் தாங்குவது தண்டும் குழலும். கட்டையில் வைத்தாலோ அந்தப் பளு முழுக்க மெல்லிய கூட்டின் தலையில். கூடு இம்மி முறுக்கிக்கொண்டால் போதும், குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முன்குறி சாய்ந்துவிடும்.

இதைப் பதினோரு வருடம் சொன்னாள்.

"தண்டு கை நடுங்கிறவங்களுக்கு, அம்மணி."

"உங்களுக்குக் கை நடுங்கல பெரியவரே, காதுதான் அடைச்சிருக்கு."

சென்ற வாரம் டீனா தன் ரைபிளோடு வந்தாள். போட்டிகளில் அறுநூறு கெஜ தூரத்துக்குச் சுடுகிறவள். ஆர்வில் மாட்டிக் கொடுத்த குழல்தான். முன்குறி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பின்குறியை ஒரு ஓரம் முழுக்கத் திருகியும் குண்டு நடுவுக்கு வரவில்லை. அதைக் குற்றமாகக்கூடச் சொல்லாமல், ரைபிளை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். அதுதான் ஆர்விலுக்குப் பொறுக்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமை மாநிலப் போட்டி. அதுக்குள்ள நேராக்கித் தர்றேன்" என்று பழைய துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"மறுபடியும் அந்தக் கட்டையிலதானே?" என்று லோர்னா கேட்டாள்.

"என் கை, என் கட்டை."

இப்போது மனிதர் இல்லை. அந்த ரைபிள்தான் அவர் கடைசியாகத் தொட்ட வேலை. தேவாலயத்தில் நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். பிறகு வெளியே பன்றித்தொடையும் உருளைக்கிழங்குமாகத் தட்டைப் பிடித்து நிற்கும்போது உண்மையைச் சொல்வார்கள். 'கடைசிவரைக்கும் கோணலாத்தான் மாட்டினாரு.' அவரை அப்படிச் சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று லோர்னா நினைத்தாள். ரைபிளைத் தானே நேராக்கிவிடலாம் என்று, கடையைப் பூட்டிவிட்டு ஆர்வில் வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.

கராஜில் பெவர்லி காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

லோர்னா முதலில் தேடியது கட்டையை. அது ஜன்னலில் இருந்தது. மேலே தூக்கிய ஜன்னல் கீழே விழாமலிருக்க அதை முட்டுக் கொடுத்திருந்தார். முறுக்கிப்போன பழைய மேல்கூடு குப்பைக் கூடையில், காலி மிளகாய் பீன்ஸ் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. வைஸில், புத்தம்புது இரும்புத் தண்டின்மேல், புது மேல்கூடும் டீனாவின் குழலும் நிமிர்ந்து நின்றன. தண்டின் உறை மேசையில் கிடந்தது. பில்லிங்ஸ் நகரத்துக் கடையொன்றின் சீட்டு, வெள்ளிக்கிழமைத் தேதியோடு, அதில் ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழம அண்ணன் எங்க போனாரு பெவர்லி?"

"மீன் பிடிக்கன்னு சொன்னாரு. ஒண்ணும் கொண்டு வரல."

"நூத்தி இருபது மைல் ஓட்டியிருக்காரு. இதே தண்டு என் கடைச் சுவத்துல, அவரு ஸ்டூலுக்குப் பத்தடி தள்ளித் தொங்குது. எங்கிட்ட வாங்கினா நான் சிரிச்சுருவேன்னு."

"சிரிச்சிருப்பியா?"

"ஒரு வாரம் சிரிச்சிருப்பேன்."

சிரிப்பு வரவில்லை. கிழவரின் திமிரை எண்ண எண்ண ஆத்திரம்தான் வந்தது. பதினோரு வருட வழக்கை ஜெயித்தாயிற்று. தோற்றவர் தலை குனிவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

குனிந்து முன்குறியை ஒரு கண்ணால் பார்த்தாள். நேராக நின்றது.

குழல் நட்டை மூன்று முறை இறுக்க வேண்டும். முதல் இரண்டும் மரை படிவதற்கு; இறுக்கி, தளர்த்திவிட வேண்டும். மூன்றாவதுதான் நிலைக்கும். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் ஆர்வில் வைஸின் முதுகில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார்.

லோர்னா நட்டை விரலால் தொட்டாள். தளர்வாகச் சுழன்றது. வைஸில் இரண்டு கோடுகள் இருந்தன.