செஞ்சியில் எடுத்த கால் அளவு

1966, கார்த்திகை மாதம். வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். செஞ்சிக்குப் பதினேழு மைல், டிக்கெட் எண்பத்தைந்து காசு. "கோட்டை பாக்கவாம்மா?" என்றார் கண்டக்டர். "பூட்ஸ் தைக்க" என்றேன். "இன்னாது, பூட்ஸா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மகா எரிச்சல்.

அது சிரிக்கிற விஷயமாக இல்லை. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மிட்வைஃப். மழையிலும் குளிரிலும், தோட்டக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயன் லயனாக ஏறி இறங்கிப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்க வேண்டும். இரண்டு குளிர்காலமாக என் கால்விரல்கள் சிவந்து வீங்கி, அரித்து, வெடித்துப் புண்ணாகிவிட்டன. போன தை மாதம் பதினெட்டு நாள் படுக்கை. கோயம்புத்தூரில் ஒரு ஜோடி, மெட்ராஸில் ஒரு ஜோடி வாங்கிப் பார்த்தாயிற்று. ரப்பர் பூட்ஸில் வேர்த்து இன்னும் மோசமானது. "இந்த வருஷமும் கால் புண்ணாச்சுன்னா உன்னை வேலையில வெச்சுக்க முடியாது" என்று தோட்டத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு பிடிப்பு கிடையாது. செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் சித்திதான், செஞ்சி கடைத்தெருவில் மஸ்தான் பாய் என்று ஒருவர் இருக்கிறார், போய்ப் பார் என்று எழுதியிருந்தாள்.

எட்டே முக்காலுக்குத் தூறலில் இறங்கினேன். கடை பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். பாய்க்கு நாற்பது வயது இருக்கும். இங்கிலீஷ் பத்திரிகையில் வெட்டி வைத்திருந்த பூட்ஸ் படத்தை எடுத்து நீட்டினேன். கூர் முனை, இரண்டு அங்குலக் குதி, பக்கத்தில் ஜிப்பு. அதைப் போட்டு நடக்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை, ஒளிப்பானேன்?

பாய் படத்தையும் பார்த்தார், என் காலையும் பார்த்தார். "ஷோக்காத்தான் இருக்குது. ஆனா இந்த மொனையில ஒரு வெரலு போவும். மீதி நாலையும் எங்கம்மா வெச்சிட்டு வருவ?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, அளவாவது எடுங்கள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார்.

"இது பஸ்ஸுல தூங்கிட்டு வந்த காலு. மலையேறி எறங்கி வா, காலு அப்பதான் நெச அளவு காட்டும். எல்லாருக்கும் இதான் நம்ம வழக்கம்."

ஜட்கா வண்டிக்கு நாற்பது காசு கொடுத்து ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துக்குப் போனேன். போகும்போது பாயை மனதுக்குள் வைதுகொண்டேதான் போனேன். ஆனால் ஏற ஏற அந்தக் கோபம் கரைந்துவிட்டது. ஆளுயரம், வீட்டுயரம் என்று பாறைகளை யாரோ அள்ளிக் கொட்டினாற்போல் கிடக்க, அவற்றின் மேலேயே மதிலை ஓட்டியிருக்கிறார்கள். மழை ஈரத்தில் படிகள் வழுக்கின. நடுவில் கமலக்கண்ணி அம்மன் கோயிலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். திரும்பி வந்தபோது ஷூவுக்குள் தண்ணீர் நின்றது. கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன். உச்சிக்குப் போனபோது மணி பதினொன்றரை. வடக்கே கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரி, கீழே பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். வேலை போய்விடுமே என்ற பயம் அங்கே நின்ற அரைமணி நேரமும் என்னைவிட்டுப் போகவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கால் வீங்கித் திரும்பினேன். பாய் பழுப்புக் காகிதத்தில் என்னை நிற்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். அப்புறம் என் பழைய ஷூவை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதன் பின்பக்கம் மிதிபட்டு மடிந்து கிடந்தது.

"இத ஒரு நாளைக்கு எத்தினி தபா கழட்டுவ?"

யோசித்தேன். "இருபது வீடு போனா இருபது தடவை."

"வாசல்ல வுட்டுட்டா போவ?"

"பின்னே? பச்சைக் குழந்தை இருக்கற வீட்டுக்குள்ள செருப்போட போவாங்களா?"

"மழையிலயா கெடக்கும்?"

"லயன் வீட்டுல வாசலுக்கு ஏது கூரை?"

"உள்ள தரை?"

"சிமெண்டு. ஐஸ் மாதிரி இருக்கும்."

பாய் ஷூவைக் கீழே வைத்தார். "ஷூ ஒழுவுலம்மா. நீ வெறுங்காலோட சில்லுனு தரையில நிக்கற, வெளிய வந்து தண்ணில ஊறுன ஷூவுல காலை வுடுற. அப்பறம் காலு வெடிக்காம இன்னா பண்ணும்?"

இரண்டு வருஷம் களிம்பு தடவினேன், கடைக்காரர்களைத் திட்டினேன். நாலு பேருக்கு வைத்தியம் சொல்கிற எனக்கு இது தோன்றவில்லையே!

"அதுக்காக நான் ஷூவோட உள்ள போக மாட்டேன் பாய்" என்றேன்.

"போவச் சொல்லல. எங்களுக்குத் தொழ வெக்கிற அஜரத்து குளிர் காலத்துல தோலு மேஜோடு போட்டிருப்பாரு, தோல்ல தெச்ச சாக்ஸு மாதிரி. தெருச் செருப்ப வெளிய கழட்டிட்டு, அந்த மேஜோட்டோடதான் பள்ளிவாசல்ல தொழுவாரு. அதுல தெரு மண்ணு படாது. உனக்கும் அப்படியே ரெண்டு அடுக்கு. ஞாயித்துக்கெழம வா."

வெள்ளியும் சனியும் சித்தி வீட்டில் மழையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையில் நின்றேன். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் ஒரு பூட்ஸ்! கரும்பழுப்பு நிறம், உருண்டை முனை, வழுக்காத டயர் அடி. கையே வைக்காமல் கழற்றப் பக்கத்தில் எலாஸ்டிக். கழற்றியதும் வாய் மேல் கவிழ்ந்து மூட, மழை உள்ளே போகாதபடி ஒரு தோல் மடிப்பு. விளிம்பில் கொடிபோல் ஒரு தையல் ஓடியது. "ஷோக்கு கேட்டியே" என்றார். உள்ளே போட மெல்லிய தோலில் மேஜோடு, அதற்குள் கம்பளித் துணி.

தெருவோரத் தண்ணீரில் கால்மணி நேரம் நிற்கச் சொன்னார். நின்றேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. "உள்ள வாம்மா, டீ ஆறுது" என்று அவர் மனைவி கூப்பிட்டார். வாசலில் பூட்ஸை உதறிவிட்டு மேஜோட்டோடு உள்ளே போனேன். மழைக்காலத் தரை, ஆனால் காலில் துளிச் சில்லிப்பில்லை. டீயை வாங்கியவள் குடிக்காமல் அழுதுவிட்டேன். அந்தம்மா பதறிப்போய், "இன்னாம்மா, கடிக்குதா?" என்று கேட்டார்.

பூட்ஸுக்கு இருபத்தாறு ரூபாய். மேஜோட்டுக்கு எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. "அது கொழந்தைங்க வூட்டுக்குள்ள போவறது. வெச்சிக்க" என்றார். நன்றி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவருக்கு நான் என்ன சொல்ல? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

மெட்ராஸிலும் கோயம்புத்தூரிலும் எத்தனை நம்பர் என்று கேட்டுப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். நான் எங்கே போகிறேன், அங்கே என்ன செய்கிறேன் என்று செஞ்சியில்தான் ஒரு மனிதர் கேட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து, டாக்டரம்மா என் இரண்டு காலையும் ஸ்டூலில் தூக்கி வைத்து விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். சிவப்பும் இல்லை, வெடிப்பும் இல்லை. பார்த்து முடித்தவர் பிரசவப் பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கிளம்பு, ஏழாம் லயன்ல வலி எடுத்திருக்காம்" என்றார்.