கதவு எண்ணில் தடுக்கி விழுந்த என் லைப்ரரி

நான் எழுதிய முதல் சாஃப்ட்வேர் லைப்ரரி ஓடிய அன்று, கழக்கூட்டம் ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன். எனக்கு நானேதான். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர்களும் தட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

அப்படி என்ன கிழித்துவிட்டாய் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் நர்ஸுகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். அதன் தகவல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். வார்டுக்குள் தெரு, தெருவுக்குள் வீடு, வீட்டுக்குள் நோயாளி, அவருடைய மருந்து. ஒரு மருந்தின் பெயரை எடுக்க, ஒவ்வொரு படியிலும் ‘இது இருக்கிறதா, சரி, அடுத்தது இருக்கிறதா’ என்று கேட்டுக் கேட்டு இறங்க வேண்டும். எந்த கோடு ஃபைலைத் திறந்தாலும் இதே புலம்பல்! என் லைப்ரரிக்கு ‘வார்டு/தெரு/வீடு/நோயாளி/மருந்து’ என்று ஒரே வரியில் பாதையைக் கொடுத்தால் போதும். ஸ்லாஷ் வரும் இடத்திலெல்லாம் அதுவே வெட்டிக்கொண்டு, படிப்படியாக இறங்கி, மருந்தோடு திரும்பி வரும். வழியில் ஏதாவது இல்லை என்றால் கத்தாது, கவிழாது. சத்தம் போடாமல் வெறுங்கையோடு வந்துவிடும். அந்த அடக்கத்தில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

வலியசாலையிலிருந்து ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில், ஹைவே நெரிசலில், மடியில் லேப்டாப்பை வைத்து எழுதியது அது. எட்டு வருஷமாக அடுத்தவர்கள் எழுதியதைத் தைத்து ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

எங்கள் டீம் லீட் ஸ்ரீவராகத்துப் பெண்மணி. ஆபீஸ் முழுக்க மலையாளமும் இங்கிலீஷும் பேசுவார், என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ். அதுவும் பெரும்பாலும் திட்டுவதற்கு.

“நன்னாத்தான் இருக்குடீ. ஆனா வெள்ளிக்கிழமை ஆப்பைச் சோதிச்சுப் பாக்க ஒரு நர்ஸ் வரா. அவாளோட அசல் டேட்டாவுல ஓடணும், கேட்டோ? ஓடலேன்னா இதைத் தூக்கிப் போட்டுடுவேன். பழைய கோடே போறும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது.”

“ஓடும்” என்றேன், கொஞ்சம் திமிராகவே.

வெள்ளிக்கிழமை மதியம் நர்ஸ் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு இங்கே வந்தவராம். தோளில் பெரிய பை, கையில் அன்று போக வேண்டிய வீடுகளை எழுதிய தாள். இரண்டரைக்கு முதல் வீடு என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். அன்றைய வீட்டு எண்கள் அவர் தாளிலிருந்து ஆப்பில் ஏற்றப்பட்டிருந்தன; வீடு, நோயாளி, மருந்து விவரமெல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து. பட்டனை அழுத்தினார். ‘இன்று பார்க்க வேண்டியவர்கள்: யாரும் இல்லை’ என்று வந்தது.

“ஆரும் இல்லையா? அப்போ நான் வீட்டுக்குப் போலாமா, மேடம்?” என்று லீட்டிடம் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இதுல பதினோரு பேர் இருக்காங்களே, சேச்சி.”

லீட் என்னைப் பார்த்தார். தப்பு நர்ஸின் தாளில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு அதைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். முதல் வரியில் ஊர் கார்ப்பரேஷனைக் குறிக்கும் டி.சி. என்று ஆரம்பித்து ஒரு எண், ஒரு ஸ்லாஷ், இன்னொரு எண். அடுத்த வரியிலும் ஸ்லாஷ். பதினோரு வரியிலும் ஸ்லாஷ்!

இந்த ஊரில் எல்லா வீட்டு எண்ணும் அப்படித்தான். எங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேலேயே அப்படி ஒரு தகடு அடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை ஃபாரத்தில் அதை நிரப்பியிருப்பேன்! அப்படிப்பட்ட நான் சோதித்துப் பார்க்க வைத்திருந்த எண்கள் வீடு 1, வீடு 2. என் லைப்ரரி ஒவ்வொரு கதவு எண்ணையும் பாதியில் வெட்டி, அந்தப் பாதியைத் தெருவில் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறது. வெளியூர்க்காரர் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

வெட்கத்தைவிட, கண்டுபிடித்த சந்தோஷம் முந்திக்கொண்டது. “மாமி, அரை மணி கொடுங்கோ!” என்று கத்தினேன். ஆபீஸில் அவரை மேடம் என்றே கூப்பிட்டுப் பழகியவள் நான்.

மாமி கடிகாரத்தைப் பார்த்தார். “இருபது நிமிஷம்.”

ஸ்லாஷ் பிரச்சினை சுலபம். பாதையை ஒரே வரியாகக் கொடுக்காமல் வார்டு, தெரு, வீடு என்று தனித்தனித் துண்டுகளாகக் கொடுத்தால் வெட்டவே வேண்டாம். விரல்கள் பறந்தன. அடித்துக்கொண்டே பேச்சுக்குக் கேட்டேன்: “போற வீடு பூட்டியிருந்தா என்ன எழுதுவீங்க?”

நர்ஸ் நோட்டைத் திறந்து காட்டினார். “கேட் பூட்டியிருந்தா ‘கேட் வரை போனேன்’னு எழுதுவேன். உள்ள போயும் ஆள் இல்லேன்னா, ‘அடுத்த வீட்ல கேட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு’ன்னு எழுதுவேன். சும்மா ஆளில்லைன்னு மட்டும் எழுதக்கூடாது, சேச்சி. பின்னே ஆரும் அங்க போகமாட்டாங்க.”

என் கை நின்றுவிட்டது. நான் பெருமைப்பட்ட அடக்கம் இருக்கிறதே, அது சும்மா ‘ஆளில்லை’ என்று எழுதுகிற வேலைதான். மிச்சமிருந்த நேரத்தில் அதையும் மாற்றினேன். ஏதாவது கிடைக்காவிட்டால், எந்தப் படி வரை போனது, அங்கே எது இல்லை என்று லைப்ரரி இனி வாய் திறந்து சொல்ல வேண்டும்.

மறுபடி பட்டனை அழுத்தினார். பெயர்கள் மளமளவென்று வந்தன. பத்து பேர். பதினோராவது இடத்தில் சிவப்பில் ஒரு வரி: ‘தெரு வரை வந்தேன். இந்த எண்ணில் வீடு இல்லை.’

“திரும்பவுமாடீ?” என்றார் லீட்.

நர்ஸ் குனிந்து பார்த்தார். “இது சரியாக்கும், மேடம். வார்டு எல்லையை மாத்தினப்போ அந்த வீட்டுக்குப் புது நம்பர் வந்துது, அல்லே? என் தாள்ல பழைய நம்பர்தான் இருக்கு. அங்க ஒரு அம்மாவுக்கு இன்னைக்குப் புண்ணு கட்டு மாத்தணும். இந்த வரி வராட்டி, ஆப்பை நம்பி பத்து பேர்தான்னு போயிருப்பேன்.”

தாளில் அந்த எண்ணை அடித்துத் திருத்திவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“பழைய கோடை நீயே அழிச்சுடு” என்றார் லீட்.

குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஜன்னலுக்கு ஓடினேன். கீழே நர்ஸ் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். முதலில் போவது அந்தப் பதினோராவது வீட்டுக்குத்தான் என்று, கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.