லாரிப் பழக்கத்தில் காட்டிய சூடம்

லாரி என்ஜின் வேலை பார்க்கும் என் கணவர், துருப்பிடித்துக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு வருடமாக எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்து என்ஜினைப் பிரித்து மாட்டினார். பிஸ்டன்கள் என் சமையல் மேடையில்கூடக் கிடந்தன. முதல்முறை ஸ்டார்ட் செய்யும் நாளில், லாரிக்குச் செய்வதுபோலவே பானெட்டைத் திறந்து என்ஜினுக்குப் பொட்டு வைத்து, சூடத்தட்டை எடுத்தேன்.

"ஏனுங்க, பெட்ரோல் வாசம் அடிக்குதுங்களே" என்றேன்.

"எத்தனை லாரிக்குக் காட்டியிருக்கறோம். நீ காட்டு, சாமி" என்றார்.

அவையெல்லாம் டீசல் வண்டிகள் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. சூடத்தை ஏற்றிக் காட்டியதும், கார்புரேட்டரில் கசிந்திருந்த பெட்ரோல் குப்பென்று பற்றியது. அத்தனை பாடுபட்ட காரை விட்டுவிட்டு, முதலில் என்னைத்தான் பின்னால் இழுத்தார். பிறகு தண்ணீர்ப் பானையில் சுற்றியிருந்த ஈரச்சாக்கை உருவி என்ஜின்மேல் போட்டு அமுக்கினார். தீ அணைந்தது. அவருடைய புருவம்தான் பாதி பொசுங்கிப்போனது.

கசிவைச் சரிசெய்து மறுவாரம் ஓட்டினோம். இப்போது சூடமெல்லாம் வீட்டு வாசலோடு சரி. சாவி போடுமுன் இருவரும் குனிந்து என்ஜினை மோந்து பார்க்கிறோம். முத்தம் கொடுக்கிறோம் என்று பார்ப்பவர்கள் நினைத்தால் நினைக்கட்டும்.

– ஒரு வாசகி, மல்லசமுத்திரம்