லிஃப்டுக்கும் பொருத்தம் பார்த்திருக்கலாம்

போன சனிக்கிழமை எங்கள் ஃபிளாட்டின் லிஃப்ட் திருந்திவிட்டது.

திருந்தியது என்றால் சும்மா இல்லை. கதவு மூடுவது தெரிகிறது, பிறகு கதவு திறப்பது தெரிகிறது. இடையில் மேலே போனோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாம் மாடிக் குடும்பம் ஒன்று, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கிளாஸை லிஃப்டின் தரையில் வைத்து வீடியோ எடுத்து ஃபிளாட் குரூப்பில் போட்டிருக்கிறது. ஒரு துளி சிந்தவில்லை. அதற்குக் கீழே கைதட்டுகிற படங்கள் வரிசையாக.

நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

லிஃப்ட் நன்றாக ஓடினால் உனக்கேன் ஐயா வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்…

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் ஆறு மாடி ஃபிளாட் எங்களுடையது. கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்றார்கள். உடம்புக்கு நல்லதுதான். இரும்புக்கு? லிஃப்டின் பழைய கண்ட்ரோல் பெட்டியை அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. புறப்படும்போது ஒரு உதறல், நிற்கும்போது ஒரு குலுக்கல். கையில் தேத்தண்ணியோடு ஏறியவர் சேர்ட்டில் தேத்தண்ணியோடு இறங்குவார்.

மாற்றுவது என்று ஃபிளாட் கமிட்டி முடிவெடுத்தது. கமிட்டி என்றால், தலைவர் ஞானம் அண்ணை, வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் நான். தலையாட்டுவதற்கு இன்னும் சிலர். மோட்டார் நல்ல மோட்டார், அது இருக்கட்டும், டிரைவை மட்டும் புதிதாகப் போடுவோம் என்றது லிஃப்ட் கம்பனி. டிரைவ் என்பது மோட்டாருக்கு வேண்டிய கரண்டை அளந்து கொடுக்கிற பெட்டி. மோட்டார் மாடு என்றால் டிரைவ்தான் மூக்கணாங்கயிறு.

அதைப் பூட்ட வந்தவர் ஷர்மிளா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, எலெக்ட்ரிக்கல் என்ஜினியர். மோட்டார்களின் கரண்டைக் கட்டுப்படுத்துவதில்தான் மேற்படிப்பே செய்திருக்கிறார். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. கேட்டாலும் விளக்குவார், கேட்காவிட்டாலும் விளக்குவார்.

“மோட்டாருக்குள்ள போற கரண்டுக்கு ரெண்டு வேலை இருக்கு அங்கிள். ஒரு பங்கு உள்ள காந்தத்தை உண்டாக்கும். மத்தப் பங்குதான் லிஃப்டை இழுக்கும். பழைய பெட்டி ரெண்டையும் ஒண்ணாக் குழப்பித் தள்ளும். அதான் குலுக்கல். இது ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கும். அதோட, அடுத்த கணம் கரண்ட் எவ்வளவு வரும்னு முன்கூட்டியே கணிச்சு, அதுக்கேத்த மாதிரிக் குடுக்கும்.”

“அடேயப்பா! மோட்டாருக்கும் சாத்திரமோ?” என்றார் ஞானம் அண்ணை.

“ஆமா அங்கிள். ஆனா ஜாதகம் சரியா இருக்கணும்ல? இப்ப பெட்டிக்குள்ள இருக்கிறது கம்பனிக்காரன் பொதுவாப் போட்ட கணக்கு. வேற யாரோ ஒருத்தரோட ஜாதகம் மாதிரி. நம்ம மோட்டாரோட குணத்தை அது படிக்கணும். சுருள்ல எவ்வளவு தடை இருக்கு, கரண்ட் ஏற எவ்வளவு நேரம் எடுக்குது… எல்லாம் அதுவே அளந்து எடுத்துக்கும். எனக்கு ஒரு மணித்தியாலம் குடுங்க. அதுவரைக்கும் யாரும் லிஃப்டைத் தொடக் கூடாது.”

அன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தைத் தாண்டிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம்.

ஞானம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். “ஐயோ பிள்ளை, இவ்வளவு நாளும் பொறுத்து நல்ல நாள் பாத்து வைச்சது. பத்தரைக்கு முதல் ஓடோணும். ஓட விட்டிட்டுப் பிறகு ஆறுதலாப் படியுங்கோவன்.”

“அங்கிள், இது படிக்காம ஓடினா…”

“இப்ப ஓடுமோ ஓடாதோ?”

“ஓடும். ஆனா…”

“அப்ப சரி!”

அவ்வளவுதான். தேங்காய் உடைத்தோம். கற்பூரம் காட்டினோம். கார் என்றால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கலாம், லிஃப்டுக்கு எங்கே வைப்பது? பெரிய விவாதத்துக்குப் பிறகு கதவிடுக்கில் வைத்தோம். கதவு மூடப் பார்த்தது, பழம் தட்டுப்பட்டது, திறந்தது. மூடியது, திறந்தது. யாரோ பழத்தைக் காலால் தள்ளிவிட்டார்கள். ஞானம் அண்ணையும் மனைவியும் முதலில் ஏறினார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, “நல்ல காரியம், நான் பிறகு வாறன்” என்று தானாகவே ஒதுங்கி நின்றார் லீலா அக்கா.

இந்த லீலா அக்காவைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

ஆறாம் மாடியில் தனியாக இருந்தவர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் டொரொண்டோவில். முழங்கால் இரண்டும் பழுது. சமதரையில் மெல்ல மெல்ல எவ்வளவும் நடப்பார், ஆனால் படி? நடவாத காரியம். காலையில் கடலோர வீதியில் ஒரு நடை. பிறகு மார்க்கெட், ‘மல்லி’ என்று அவர் கூப்பிடுகிற மீன்காரத் தம்பியோடு சிங்களத்தில் ஒரு சண்டை. வெள்ளி என்றால் கோயில். பின்னேரம் கீழே வாசலில் இருந்துகொண்டு போவோர் வருவோரை விசாரிப்பது. “என்ன தம்பி, இண்டைக்கு நேரத்தோட?” என்று தினமும் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். என் வீட்டில்கூட யாரும் கேட்பதில்லை.

மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். விசாவும் எடுத்து வைத்துவிட்டார். அக்கா பிடிகொடுக்கவில்லை.

“இஞ்சை எண்டா நான் லீலா. அங்க போனா ஆற்றையோ அம்மா. கார் இல்லாமல் ஒரு கறிவேப்பிலையும் வாங்கேலாதாம். எனக்கு ஏன் அந்தச் சிறை?”

கடைசியில் தாய்க்கும் மகனுக்கும் ஒரு உடன்பாடு. ஏதாவது ஒரு பிரச்சினை என்று கேள்விப்பட்டாலும் மகன் அடுத்த பிளேனில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதுவரைக்கும் அக்கா இங்கேயே இருக்கலாம். ஆகவே அக்கா காய்ச்சல் வந்தாலும் சொல்லமாட்டார், கரண்ட் போனாலும் சொல்லமாட்டார். “எல்லாம் நல்ல சுகம் அப்பு” — அவ்வளவுதான் அவர் அனுப்புகிற செய்தி. ஆறாம் மாடியில் இருந்து அவரை உலகத்துக்கு இறக்கிவிட ஒரு லிஃப்ட் இருக்கும் மட்டும் அந்த உடன்பாடு தாங்கும்.

லிஃப்ட் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது… ஆட்கள் குறைவாக இருந்தால். நிறையப் பேர் ஏறி, மோட்டாரும் சூடேறி இருந்தால் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டால் சரி. ஷர்மிளா எனக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தார்.

“அங்கிள், சூடானா மோட்டாரோட தடை மாறும். பெட்டிக்கு அது தெரியாது. பாரம் கூடினதும் தப்பான கணக்குல கரண்டை ஏகமாத் தள்ளும். பிறகு தானே பயந்து கட் பண்ணிடும். பெட்டி மேல குத்தமில்ல. ஒரு மணித்தியாலம் குடுங்க, நான் வந்து முடிச்சுத் தாறேன்.”

நான் ஞானம் அண்ணையிடம் சொல்வேன். அவரும் ஓம் என்று தலையாட்டுவார், ஆனால் நாளும் பார்ப்பார். “ஆடி பிறந்திட்டுது. ஓடுற சாமானில ஆடிக்க கைவைக்கிறதே? போகட்டும்.” ஆடி போனது. நல்லூர்த் திருவிழா வந்தது, தலைவர் யாழ்ப்பாணம் போய்விட்டார். திரும்பி வந்தால் நவராத்திரி, கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் கொலு. “ஆக்கள் வந்து போற நேரம் லிஃப்டை மறிக்கலாமே?” அது முடியத் தீபாவளி. அதற்கிடையில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம்: ‘நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது’ என்று மூன்று மொழியிலும் அடித்து ஒட்டினோம். எங்கள் ஊரில் எந்த இயந்திரக் கோளாறுக்கும் முதல் மருந்து ஒரு ஏ ஃபோர் தாள்தானே!

தீபாவளிக்கு அடுத்த நாள். வீடு வீடாக விருந்தாளிகள். காலையில் இருந்து லிஃப்ட் ஓய்வில்லாமல் ஏறி இறங்கியது. மார்க்கெட்டால் வந்த லீலா அக்காவோடு விருந்துக்கு வந்த குடும்பம் ஒன்றும் பலகாரப் பெட்டிகளோடு ஏறிக்கொண்டது. எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? தாளை யார் வாசித்தார்கள்? மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றது.

“சேர், லிஃப்ட் எக ஹிரவெலா!” — லிஃப்ட் இறுகி நின்றுவிட்டது என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு செக்யூரிட்டி ஓடி வந்தார். ஓடினோம். அன்றைக்கென்று பெட்டி திரும்பப் போட்டும் எழும்பவில்லை. கம்பனிக்கு அறிவித்துவிட்டு வெளியே நின்று “பயப்படாதைங்கோ” என்று சத்தம் போட்டோம்.

உள்ளே இருந்து லீலா அக்காவின் குரல்: “ஆர் பயந்தது? இஞ்சை முறுக்குச் சாப்பிடுறம். மீன் பழுதாகப் போகுது, அதைப் பாருங்கோ முதல்!”

கடைசியில் கம்பனி ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்கள். மூன்றாம் மாடித் தரை தாழ, லிஃப்ட் உயர. முழங்கால் மடியாத அக்காவை ஒரு கதிரையில் வைத்து நாலு பேர் பிடித்து இறக்கினோம். அக்கா வேர்த்து விறுவிறுத்து, கையில் மீன் பையோடு சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஒரு கீறல் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒரு பெரிய மூச்சு விட்டேன்.

அந்த நேரம் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். எடுத்ததை ஃபிளாட் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ‘லீலா அன்ரி சேஃப்’ என்று ஒரு வசனத்தோடு, நல்ல மனதோடுதான். அந்தக் குரூப்பில் வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆறாம் மாடி வீடு யார் பெயரில்? மகன் பெயரில்.

டொரொண்டோவில் அப்போது நடுச்சாமம், அங்கே விடியும்வரை வீடியோ காத்திருந்தது. ஒரு பிள்ளை கண்ணைத் திறந்ததும் தன் தாயை நாலு பேர் கதிரையோடு தூக்கி இறக்குவதைப் பார்த்தால் என்ன செய்யும்? அந்தப் பிள்ளையையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னபடியே வந்தார். அக்கா அழுது பார்த்தார், சண்டை பிடித்துப் பார்த்தார், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். நானும் ஞானம் அண்ணையும் போய், “லிஃப்டைச் சரிப்படுத்திப் போடுவம் தம்பி” என்றோம்.

“எப்ப அங்கிள்?” என்று கேட்டார் மகன். மரியாதையாகத்தான் கேட்டார். ஞானம் அண்ணை சுவரில் கலண்டரைத் தேடினார்.

அக்கா போன நாள் நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. லிஃப்ட் வரைக்கும்தான் போனேன். தாளில் எழுதியபடி நான்கு பேர். ஒரு உதறலும் இல்லாமல் இறங்கியது, பாழாய்ப் போனது!

அதற்குப் பிறகு ஞானம் அண்ணையே ஷர்மிளாவைக் கூப்பிட்டார். நல்ல நாள் பார்க்கவில்லை. போன சனிக்கிழமை ஷர்மிளா வந்து, கம்ப்யூட்டரைப் பெட்டியோடு தொடுத்து, பிரேக் பிடித்தபடி நின்ற மோட்டாருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை விட்டார். மோட்டார் மெல்லிதாக ஒரு ராகம் இழுத்தது. பெட்டி கேட்டு எழுதிக்கொண்டது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா பிள்ளை?” என்றார் ஞானம் அண்ணை.

“இவ்வளவுதான் அங்கிள்.”

மனிதர் படியில் குந்திவிட்டார். மூன்று பெண்பிள்ளைகளுக்கும் குறிப்புப் பார்க்க ஊர் ஊராக அலைந்தவர். வேறு யாருடையவோ குறிப்பைக் கொண்டுவந்து காட்டினால் சம்பந்தக்காரரை வாசலோடு அனுப்பியிருப்பார். மோட்டாருக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்க்க மட்டும் எங்கள் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. சேர்த்து வைக்கிற முகூர்த்தத்தைப் பார்ப்போம். சேர்கிறதுகள் ஒன்றையொன்று அறிய நேரம் கொடுக்கமாட்டோம். லிஃப்டில் மட்டுமா இது?

அன்று பின்னேரம் எனக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு. லீலா அக்கா! அங்கே காலை.

“தம்பி, எப்பிடி எல்லாரும்? மழையோ? இஞ்சை யன்னலுக்கால பாத்தா றோட்டில ஒரு குருவியும் இல்லை. சனிக்கிழமை எண்டு எல்லாரும் நித்திரை. நான் ஆரோட கதைக்கிறது… அதுதான் உங்களுக்கு எடுத்தனான்.”

கதைத்தோம். மீன் விலை கேட்டார். கோயிலில் யார் யாரைக் கண்டேன் என்று கேட்டார். அங்கே எல்லோரும் அன்பாகத்தான் வைத்திருக்கிறார்களாம். குரலில்தான் அக்கா இல்லை. கடைசியாக இதையும் கேட்டார்.

“லிஃப்ட் என்ன மாதிரி? சரிப்படுத்திப் போட்டினமோ?”

மகன் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் குரூப்பில் இருந்தும் விலகிவிட்டார். கிளாஸ் தண்ணீர் வீடியோவை அவர்கள் பார்த்திருக்க வழியில்லை. ஒரு மணித்தியால வேலைதான் அக்கா, முடிந்துவிட்டது, இப்போது பூப்போல ஓடுகிறது என்று நான் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்த மனுஷி இன்றிரவு எப்படி நித்திரை கொள்ளும்?

“எங்கையக்கா! அதே இழவுதான். நேற்றும் நிண்டுபோச்சு. ஞானம் அண்ணை உள்ளுக்க.”

அக்கா சிரித்தார். பழைய அக்காவாகச் சிரித்தார். “ஞானத்தாரோ? நல்லா வேணும்!” சிரித்து முடிய, குரல் தணிந்தது. “அப்ப… நான் வந்தது சரிதான், என்ன தம்பி?”

“சரிதான் அக்கா.”

கனடாவில் இருந்து பத்திரிகையில் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லீலா அக்காவை எங்கேயாவது கண்டால், லிஃப்டைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.