கரெக்ட்டின் படகு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. "கரெக்ட் வீடு எது?" என்று கேட்கவேண்டும். உடனே கை நீளும். யார் எதைச் சொன்னாலும், "அதெல்லாம் இல்ல, கரெக்டா சொல்லணும்னா…" என்று ஆரம்பிப்பார். எதிராளி ஒப்புக்கொண்டு எழுந்து போகும்வரை விடமாட்டார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருந்து தொலைக்கும். அப்படிப்பட்ட மனுஷன் வாயில் 'தப்பு என்மேலதான்' என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கட்டிய மனைவியே கேட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இரண்டு பேரும் ஏரியில்தான். மீன் பிடிக்கிறோம் என்று பேர். மச்சினன் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். தூண்டிலை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று தூங்குகிறவனுக்கு இவர் பாடம் எடுப்பார். இரண்டு பேருக்கும் அது நன்றாக ஒத்துப்போனது. தூக்கத்தில் கால் நீட்டி அவன் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிடுவான், விழித்ததும் தாகம் தாகம் என்பான். ஒரு நாள் கரெக்ட் தன் லிஃப்ட் பையிலிருந்து நாலு ஸ்க்ரூவை எடுத்து, அவன் இருக்கைக்குப் பக்கத்தில் பலகைத் தரையில் ஒரு பாட்டில் ஸ்டாண்டை முடுக்கிவிட்டார். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில், துறையில் கட்டிப்போட்டிருந்த படகு மூழ்கிவிட்டது. மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இந்த மாதிரிப் படகுகளில் பின்பக்கம் அடியில் ஒரு துளை இருக்கும். கரையேற்றியபிறகு உள்ளே தேங்கிய தண்ணீரை வடிக்கத்தான் அது. வடித்ததும் ரப்பர் பிளக்கால் அடைத்துவிடவேண்டும். மறந்தால் தீர்ந்தது கதை. கடைசியாகப் படகை எடுத்தவன் மச்சினன். துறை ஆட்கள் படகை இழுத்துப்போட்டுத் தண்ணீர் வடித்த அமர்க்களத்தில், பிளக் போட்டிருந்ததா இல்லையா என்று பார்த்தவர் யாருமில்லை. அதற்காகக் கரெக்ட் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பாரா? பிளக்கைப் போடவில்லை என்றார். போட்டேன் என்றான் அவன். நாலு பேர் பார்க்க, பொறுப்புக்கெட்டவன் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் போனவன்தான் அவன். அக்காவோடு போனில் பேசுவான். எதையாவது கொடுக்க வந்தாலும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடிப்போயிற்று. அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது அவன் ஒருவன்தான். புருஷன் முன்னால் அழுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த அந்தப் படகின்மேல் பாய் காயப்போடும் போதெல்லாம் முகம் தொங்கிப்போகும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "ஏங்க, ஒண்ணு இத சரி பண்ணுங்க, இல்லன்னா பழைய இரும்புக்கடைக்குப் போடுங்க. இதப் பாத்தாலே எனக்குத் தம்பி ஞாபகம்தான் வருது."

வேறு ஒருவராக இருந்தால் மனசு இளகியிருக்கும். கரெக்ட்டுக்கு உதித்ததோ வேறு யோசனை. படகைச் சுத்தம் செய்து, ஓர் ஒழுக்கும் இல்லை என்று எல்லார் கண்முன்னும் காட்டிவிட்டால், மூழ்கியதற்குப் பிளக்தான் காரணம் என்று ஆகிவிடும் அல்லவா? அவனே வந்து ஒப்புக்கொள்வான், இவரும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவார். அடேயப்பா, என்ன ஒரு பெருந்தன்மை!

வேலையில் இறங்கினார். பலகைத் தரை ஊறி உப்பியிருந்தது, கைவைத்ததும் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து பாதியில் முறிந்தன. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டார். தரைக்கு அடியில் படகு மிதப்பதற்காக அடைத்திருந்த நுரைக்கட்டி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. அதை அறுத்தெடுக்க அடுப்படியிலிருந்து ரொட்டி வெட்டும் கத்தி காணாமல்போனது. அதற்கு மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். மோட்டார் மாட்டும் பின்பலகை உளுத்திருந்தது, புதுசு அறுத்து வைத்தார். அடித்தகட்டில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உழைத்தார்.

பெயின்ட் அடிக்கும் முன்னால் ஒழுக்குப் பார்க்கவேண்டும். படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதைவிட, படகுக்குள் தண்ணீரை விட்டுப் பார்ப்பது சுலபம். உயரமான இரண்டு முக்காலிகளின்மேல் ஏற்றிவைத்து, கணுக்கால் அளவு நிரப்பி, அடியில் குனிந்து பார்த்தால் ஓட்டை இருக்கிற இடம் தானாகச் சொட்டும். தம்பியைக் கூப்பிடச் சொன்னார். அக்கா கெஞ்சியதற்காக அவன் வந்தான். வீட்டுக்குள் நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் வந்து, ஹெல்மெட்டோடு சுவரோரமாக நின்றுகொண்டான்.

கரெக்ட் ஒரு புது பிளக்கைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, துளையில் வைத்து அழுத்தினார். மனைவி ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஏறியது. அடியில் குனிந்து, தகடுகளைச் சேர்த்து ஆணி அடித்த வரிசைகளைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தன. பிளக் காய்ந்திருந்தது. மச்சினனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது அவர் பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்தார். இன்னொன்று நெற்றியில் விழுந்தது. இன்னொரு முக்காலியில் ஏறித் தண்ணீருக்குள் கையைவிட்டுத் துழாவினார். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல், அதைச் சுற்றி அரித்துப்போன வட்டம். எந்த இடம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முடுக்கிய நீள ஸ்க்ரூ ஒன்று பலகையையும் நுரையையும் தாண்டி நுனியால் தகட்டைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் தகடு அரித்துவிடும் என்று எத்தனை சின்ன மெக்கானிக்குகளை அவர் திட்டியிருப்பார்!

மச்சினன் குனிந்து பார்த்தான். அவனுக்கு ஸ்க்ரூ விஷயம் எங்கே தெரியும்?

"ஏதாவது கல்லு குத்தியிருக்கும் மாமா. விடுங்க," என்றான்.

இரண்டு வருஷம் கழித்து வாயில் வருகிற முதல் 'மாமா'. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், எல்லாருக்கும் கௌரவமாக முடிந்துவிடும். மனைவி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோஸ் தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தப் பையனைப் பொறுப்புக்கெட்டவன் என்றவர் கல்லின்மேல் பழி போட்டுவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவார்?

"கல்லு இல்ல மாப்ள. என் ஸ்க்ரூ. நீ பிளக்கைப் போட்டுத்தான் இருக்கணும். தப்பு என்மேலதான்."

"எந்த ஸ்க்ரூ?"

"அந்த பாட்டில் ஸ்டாண்டு."

மச்சினன் சொட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் தூக்கத்துல தட்டிவிடுறேன்னு வச்சீங்களே, அதுவா?"

அவர் தலையாட்டினார். அவன் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். முடியில் இரண்டு வருஷத்து நரை கொஞ்சம் ஏறியிருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"அப்போ பாதித் தப்பு என்னுது மாமா. நான் ஒழுங்கா முழிச்சிருந்தா ஸ்டாண்டே வேண்டியிருந்திருக்காது."

"அதெல்லாம் இல்ல," என்று கரெக்ட் ஆரம்பித்தார். குரல் உடைந்தது, ஆனாலும் விடவில்லை. "கரெக்டா சொல்லணும்னா, முழுத் தப்பும் என்னுதுதான்."

அவன் பாதிதான் என்றான். இவர் முழுசும் என்றார். ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் டீ போட உள்ளே போனபோது, சண்டையை விடாமலே இரண்டு பேரும் பின்வாசல் படியேறி அவள் பின்னால் போனார்கள்.