கிணற்று விளிம்பில் நான் சொன்ன பெயர்

என் கணவர் கிணற்றுக்குள் சாய்ந்து கிடந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. அவரைத் தூக்க இறங்குகிற ஆளும் மயங்கி விழுவார் என்று எனக்குத் தெரியும். யாரும் இறங்காவிட்டால் அவர் பிழைக்க மாட்டார் என்றும் தெரியும். 1972-ஆம் வருடம் வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், காரைக்குடியில் எங்கள் ஆலயத்தின் பின்புறம் நான் நின்ற நிலை இதுதான்.

நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லிப் போதகர் ஐயா கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. கர்த்தர் எனக்குச் செய்ததை இனியும் மூடி வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. அதனால் பேசாமல் எழுதுகிறேன்.

என் கணவர் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் தச்சு வேலை பார்த்தவர். சல்லடைச் சட்டம், மரத் தொட்டி எல்லாம் அவர் கைவேலைதான். ஓய்வு பெற்றபின் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மகளை மதுரையில் கட்டிக் கொடுத்துவிட்டோம். காலையில் அவர் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுவார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய்விடுவார். ஆடுகிற பெஞ்சு, சாத்த முடியாத சன்னல், எதையும் விட மாட்டார்.

சாயங்காலம் சாமுவேல் அண்ணன் வீட்டில் கூடுவோம். அண்ணன் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்மோனியம் வாசிப்பார். சுதி சேராது. "போஸ்ட் மாஸ்டரே, இந்தப் பாட்டு எந்த ஊருக்குப் போகுது? விலாசம் சரியா எழுதலையா?" என்று என் கணவர் கேலி செய்வார். அண்ணனும் சிரித்துக்கொண்டே வாசிப்பார். அவர் மனைவி எஸ்தர் அக்காதான் வியாழக்கிழமை வீட்டு ஜெபத்தில் முதலில் ஜெபிப்பார்கள். சத்தமாக, நீளமாக ஜெபிப்பார்கள். எனக்கு 'ஆமென்' சொல்வதோடு சரி. என் முறை வந்தால் எஸ்தர் அக்கா கையைத் தொட்டு, "நீங்களே சொல்லுங்கக்கா" என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். ஆண்டவரிடம் மனதுக்குள் ஜெபிக்கும்போதும் 'அவரு' என்றுதான் சொல்வேன். ஆண்டவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

ஆலயத்துக் கிணற்றில் இலையும் சருகும் விழுகிறது என்று, முந்தின வருடம் என் கணவர் தேக்குப் பலகையில் ஒரு மூடி செய்து போட்டார். பலகைக்குப் பலகை இடைவெளியே தெரியாது. விளிம்பில் மெழுகுகூடப் பூசினார். பார்த்தவர்கள் எல்லோரும் தட்டிப் பார்த்து மெச்சினார்கள். அதற்குள் தெருக்குழாயும் வந்துவிட்டது. கிணற்றை யாரும் திறக்கவில்லை. மாதக்கணக்கில் மூடியே கிடந்தது.

அந்த வைகாசியில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. சபைக்கெல்லாம் அசனச் சாப்பாடு போட வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மாட்டு வண்டியில் கொண்டுவந்து இரண்டு பீப்பாய் நிரப்பி வைத்தோம். போதாது என்று சனிக்கிழமை காலை கிணற்றைத் திறந்தார்கள். வாளி விட்டால் சேறும் கலங்கல் தண்ணீரும்தான் வந்தது. இறங்கிச் சேற்றை அள்ளினால் ஊற்றுத் திறக்கும் என்று என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

சாமுவேல் அண்ணன் தடுத்தார். "ஆசாரியாரே, ஒரு விளக்கைக் கட்டி உள்ள விட்டுப் பாப்பமே. எரியுதா அணையுதான்னு தெரிஞ்சுரும்."

"விளக்கு விடுறதெல்லாம் பாழுங்கிணத்துக்குய்யா. இது எறும்பு போகாம நான் மூடி வச்ச கிணறு. உள்ள என்ன வந்துரும்?"

"ஒண்ணும் வராது. காத்தும் வராதுல்ல, அதேன் கேக்குறேன்."

"வேணும்னா உம்ம ஆர்மோனியப் பெட்டியில இருந்து கொஞ்சம் காத்து அனுப்பும்!" என்று சிரித்துக்கொண்டே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் கால் வைத்து இறங்கினார். இடுப்பில் கயிறுகூடக் கட்டவில்லை.

இறங்கும்போது பேசிக்கொண்டே போனார். "இங்குட்டு ஒரு கல்லு ஆடுது... சகதி நிறையக் கிடக்கு..." அப்புறம், "தலையை என்னமோ..." என்றார். அத்தோடு பேச்சு நின்றது. தண்ணீரில் தொப்பென்று சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். சுவரில் முதுகு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி கிடந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது. தண்ணீர் நெஞ்சு வரைக்கும் இருந்தது. கொஞ்சம் சரிந்தால் முகம் மூழ்கிவிடும். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

சாமுவேல் அண்ணன் செருப்பை உதறிவிட்டு விளிம்பில் ஏறினார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு தங்கச்சி! அவரு செத்துருவாரு!"

"நீங்களும் செத்துருவீக அண்ணே! எங்க ஊருல அண்ணன் தம்பி ரெண்டு பேரு இப்படித்தேன் போனாக. மொதல்ல ஒருத்தரு, தூக்கப் போன இன்னொருத்தரு!"

சாக்கோட்டைப் பக்கம் நான் பிறந்த ஊரில் சிறு வயதில் கண்ணால் பார்த்தது அது. அண்ணன் என்னை உதறினார். சட்டை கிழிந்தது. நான் விடவில்லை. என் புருஷனைக் காப்பாற்றப் போகிறவரை நானே பிடித்து நிறுத்துகிறேன் என்று தெரிந்தேதான் பிடித்திருந்தேன். எஸ்தர் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு ஜெபிக்கிறவர்களுக்கு அன்று வாய் வரவில்லை. "நீ சொல்லு புள்ள... நீ சொல்லு..." என்று மட்டும் முனகினார்கள்.

எனக்கு வசனம் எதுவும் ஞாபகம் வரவில்லை. அழகாக ஒரு வார்த்தை வரவில்லை. வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, அவரு உள்ள கிடக்காரு. எனக்கு வேற ஆளு இல்ல. யாரையாச்சும் அனுப்பும்" என்றேன். வாய் விட்டு நான் சொன்ன முதல் ஜெபம் அதுதான்.

சொல்லி முடித்தேன். சந்துக்குள் லாரி ஹாரன் கேட்டது.

எங்கள் ஆலயச் சந்தில் லாரி வராது. மாட்டு வண்டி திரும்பவே சிரமம். அண்ணனிடம் "இறங்க மாட்டேன்னு சொல்லுங்க" என்று கேட்டு வாக்கு வாங்கிக்கொண்டு, தலைவிரி கோலமாக ஓடினேன். நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சுவரை உரசிக்கொண்டு ஊர்ந்து வந்தது. முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

டிரைவர் தலையை நீட்டினார். "ஏத்தா, குறுக்க வந்து நிக்கிறீக? தேரு மறிச்சுருச்சுன்னு இங்குட்டு திருப்பி விட்டுட்டாக, நாங்களே மாட்டிக்கிட்டு முழிக்கிறோம்!"

"கிணத்துல ஆளு விழுந்துட்டாரு. கயிறு வேணும்... வாங்க..."

"பின்னால வண்டி கட்டி நிக்குது, எப்படித்தா நிறுத்துறது? யாரு விழுந்தது?"

"எங்க வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரருன்னா யாரு? பேரு இல்லையா?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டி மறுபடியும் உறுமியது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "ஞானமுத்து! புதுவயல் மில்லுல வேலை பார்த்த ஞானமுத்து ஆசாரி!"

மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். "அடேய், நம்ம ஆசாரியாருடா! நிறுத்துடா வண்டிய!" நான்கு பேர் மேலே இருந்து குதித்தார்கள். மூட்டை கட்டிய கயிற்றை அறுத்து உருவிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்கள். அவர் வேலை பார்த்த அதே ஆலையின் சுமைக்காரர்கள் அவர்கள்.

மூட்டை மேல் முதலில் எழுந்து நின்றவர் பெயர் கருப்பையா. கிணற்றைப் பார்த்ததும், "யாரும் எறங்கிறாதீக. காத்து கெட்டுக் கிடக்கு. தண்ணிய ஊத்திக் காத்தக் கலைக்கணும். தண்ணி இருக்கா?" என்றார். அசனத்துக்கு வைத்திருந்த இரண்டு பீப்பாய்த் தண்ணீரைக் காட்டினோம். சுவர் ஓரமாக, என் கணவர் மேல் படாமல் குடம் குடமாக ஊற்றினார்கள். ஒருவர் வேப்பங்கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசி அடித்தார். தண்ணீர் ஏறி அவர் வாயைத் தொட்டுவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆலயத்து அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கினார்கள். பாதியிலேயே அணைந்தது. எனக்கு உயிரே அணைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் ஊற்றினார்கள், மறுபடியும் அடித்தார்கள். "ஆண்டவரே, ஞானமுத்து உள்ள கிடக்காரு, ஞானமுத்து உள்ள கிடக்காரு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த தடவை விளக்கு அடி வரைக்கும் எரிந்துகொண்டே போனது.

கருப்பையா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூக்கில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். என் கணவரையும் சேர்த்துக் கட்டினார். சாமுவேல் அண்ணனும் சேர்ந்து இழுத்தார். மேலே வந்தபோது என் கணவரின் உதடு கறுத்திருந்தது. மூச்சு இருப்பதாகத் தெரியவில்லை. குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். எத்தனை நேரம் என்று தெரியாது. திடீரென்று இருமினார். அந்த இருமலை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

நெல் மூட்டை மேலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர், "மூச்சு இருக்கு. மூளைக்கு ஏதும் ஆயிருக்கான்னு விழிச்சாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். உயிரைக் கொடுத்து ஆளைக் கொடுக்காமல் போய்விடுவாரோ கர்த்தர் என்று என் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அசனத்துக்குத் தெருவில் உள்ள இந்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஆராதனை முடிந்து சாமுவேல் அண்ணன் இலையில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். என் கணவர் அவரையே உற்றுப் பார்த்தார்.

"போஸ்ட் மாஸ்டரே, அந்த மூடியை எங்க வச்சீரு? வெயில்ல போட்டா வளைஞ்சுரும்."

அண்ணன் இலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அழுதுகொண்டே, "பாரு தங்கச்சி, கிணத்துல செத்துக் கிடந்து வந்தும் ஆசாரி புத்தி போகலையே!" என்றார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது.

இன்று அவர் நன்றாக இருக்கிறார். கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. நுணுக்கமான வேலை செய்ய முடியாது. அந்த மூடியில் வரிசையாகத் துளை போட்டு, அதன் மேல் வலை அடித்தார். துளைகள் கோணலாக இருக்கின்றன. "காத்துக்குக் கோணல் தெரியாது" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கருப்பையா இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். "எங்க அம்மன் தேரு மறிக்கலைன்னா நாங்க அங்குட்டே போயிருப்போம் ஆத்தா" என்பார். நான் அவரோடு வாதாடுவதில்லை. அந்த நேரத்தில் நான் யாரைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வியாழக்கிழமை ஜெபத்தில் என் முறை வந்தால் நானே ஜெபிக்கிறேன். கருப்பையாவுக்காக ஜெபிக்கிறேன். கூட வந்த மூன்று பேருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலப் பேச வராதவர்கள் இருப்பீர்கள். ஜெபிக்கத் தெரியவில்லையே என்று பின்வாங்க வேண்டாம். உங்கள் ஆள் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்கு அன்று அதுதான் சொல்லத் தெரிந்தது. அதைக் கேட்டு அவர் ஆள் அனுப்பினார்.