மூழ்காத பேண்டேஜ் துணி

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். அந்த வேலைக்கு அங்கே வந்த முதல் பெண் நான்தான். படித்த பெண் என்றால் ஒரே வேலைதான் இருக்க முடியும் என்று எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்தேன். "சரி டீச்சர்" என்றார்கள்.

முதலாளிக்குத் தரம் என்றால் வெள்ளை. துணியை வெயிலில் விரித்துப் பிடிப்பார். கண் கூசினால் திருப்தி. நான் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். நல்ல துணி என்றால் பத்து எண்ணுவதற்குள் மூழ்கிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அது மிதந்துகொண்டிருந்தது.

பருத்தியின் மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு. காஸ்டிக் சோடாவில் நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். இங்கே விறகை மிச்சம்பிடிக்கக் கொதியைக் குறைத்துவிட்டு, பிளீச்சிங்கைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் துணி வெளுக்கும், ரத்தத்தை உறிஞ்சாது. கொதிக்கும்போது கொஞ்சம் சோப்பு எண்ணெய் சேர்த்தால் அதே விறகில் மெழுகு முழுக்கப் போய்விடும் என்று சிறு பாத்திரத்தில் செய்து பார்த்துக் கண்டுபிடித்தேன். அந்தத் துணி கல் மாதிரி மூழ்கியது.

லாரியில் மெழுகு போகாத அந்தப் பழைய துணி ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் லோடு.

"இதை அனுப்பக் கூடாது முதலாளி. திரும்பக் கொதிக்க வைக்கணும்."

"ஏம்மா, ஆஸ்பத்திரில என்ன வாளித் தண்ணிக்குள்ள வச்சா கட்டுப் போடுதாவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. துணி சரி என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அப்படியென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு ஆள் ஓடிவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் முதலாளியின் மகளுக்குப் பிரசவம். ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். அவர் வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் துணி சொந்த ஆலையிலிருந்துதான் போகும். பெருமைக்கு.

முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்த முங்குற துணி இன்னும் இருக்கா?"

இருந்ததையெல்லாம் கட்டிக் கொடுத்தேன். அவர் மகளை நினைத்து எனக்கும் பயமாக இருந்தது. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போனவர் லாரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். மேலே ஒருவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, கயித்த அவுத்துவிடு. அம்புட்டையும் எறக்குங்க" என்றார்.